ஓவியம் போல மாற்றினால் அது புகைப்படம் இல்லையா?

கேள்வி: சில வருடங்களாகப் புகைப்படம் எடுத்துவருகிறேன். எடுப்பதைவிட எடிட் செய்வதில்தான் எனக்கு அதிக நேரம் போகிறது. வண்ணங்களை மாற்றி, வெளிச்சத்தைத் திருத்தி, மேலே கேன்வாஸ் டெக்ஸ்சர் போட்டு, பழைய எண்ணெய் வண்ண ஓவியம் போலக் கொண்டுவருவது பிடித்திருக்கிறது. வேண்டுமென்றேதான் இப்படிச் செய்கிறேன். ஆனால் எங்கள் புகைப்படக் குழுவின் மூத்தவர் ஒருவர், "இது புகைப்படமே இல்லை, சாஃப்ட்வேர் செய்த வேலை" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். ஒரு போட்டியிலும் "ஓவர் எடிட்டிங்" என்று நிராகரித்தார்கள். மூன்று படங்களை இணைத்திருக்கிறேன்: ஏரியில் படகு (வானம் வேறொரு நாள் எடுத்தது), ஜன்னலோரத்தில் என் பாட்டி, பூ ஜாடி. நான் செய்வது ஏமாற்று வேலையா? எடிட்டிங் அளவு மீறிவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது? இந்தப் பாணியை விட்டுவிட வேண்டுமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

விட வேண்டாம். கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அந்த வரியைப் படித்தபோது மனதுக்குக் கஷ்டமாக இருந்தது. உங்கள் மூன்று படங்களையும் பெரிய திரையில் வைத்து நிதானமாகப் பார்த்தேன். ஒன்று அருமையாக வந்திருக்கிறது. மற்ற இரண்டிலும் குறை உண்டு. ஆனால் அது மூத்தவர் சொன்ன குறை இல்லை. இந்த இரண்டிலும் படம் முழுக்க எல்லா இடத்திலும் ஒரே அளவு எடிட் செய்திருக்கிறீர்கள். சிக்கல் அங்கேதான் இருக்கிறது. அதை விவரமாகப் பார்க்க வேண்டும். அதற்கு முன் "இது புகைப்படமே இல்லை" என்ற பேச்சை ஒரு வழி செய்துவிடுவோம்.

அந்தப் பேச்சுக்கு வயது அதிகம். 1857இல் புகைப்படக் கலைஞர் ஆஸ்கர் ரேலாண்டர் முப்பதுக்கும் மேற்பட்ட நெகட்டிவ்களைத் தனித்தனியாக எடுத்து, தாளின் மற்ற பகுதிகளை மறைத்து மறைத்து ஒவ்வொன்றாக அச்சிட்டு, பெரிய சுவர் ஓவியம் போன்ற ஒரே காட்சியை உண்டாக்கினார். அதைக் கடுமையாகத் திட்டியவர்கள் உண்டு. விக்டோரியா மகாராணி ஒரு பிரதி வாங்கினார். அடுத்த ஆண்டே ஹென்றி பீச் ராபின்சன், சாகும் தறுவாயில் இருக்கும் ஓர் இளம்பெண்ணையும் அவளைச் சூழ்ந்த குடும்பத்தையும் ஐந்து நெகட்டிவ்களிலிருந்து ஒரே படமாக இணைத்தார். நீங்கள் இன்று லேயர் (அடுக்கு), மாஸ்க் (ஓர் அடுக்கின் பகுதியை மறைப்பது) என்று செய்வதை அவர்கள் இருட்டறையில் கையால் செய்தார்கள்.

19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இது, புகைப்படத்தை ஓவியம் போல ஆக்கும் பிக்டோரியலிசம் என்ற இயக்கமாகவே வளர்ந்தது. பிரான்சில் ராபர்ட் டெமாஷி போன்றவர்கள் கம் பைக்ரோமேட் முறையில் அச்சிட்டார்கள். பிசினில் வண்ணப் பொடியும் டைக்ரோமேட் உப்பும் கலந்து தாளில் பூசி, நெகட்டிவை மேலே வைத்து வெளிச்சம் காட்ட வேண்டும். வெளிச்சம் பட்ட இடம் இறுகும், படாத இடம் தண்ணீரில் கரைந்துபோகும். ஈரமாக இருக்கும்போதே தூரிகையால் தேய்த்து, வேண்டாத விவரத்தைக் கழுவி எடுத்துவிடலாம். டெமாஷியின் அச்சுகளில் அந்தத் தூரிகைத் தடங்கள் அப்படியே தெரியும். அவற்றை மறைக்க வேண்டும் என்ற எண்ணமே அவருக்கு இல்லை. எட்வர்ட் ஸ்டைக்கன் 1904இல் எடுத்த நிலவொளிக் குளத்தின் படத்தில் வண்ணப் படலங்கள் கையால் பூசப்பட்டவை. அதன் ஒரு பிரதி 2006இல் ஏலத்தில் 29 லட்சம் டாலருக்கு மேல் விலை போனது.

இதற்கு எதிர்ப்பும் வலுவாகவே வந்தது. 1932இல் கலிபோர்னியாவில் ஆன்சல் ஆடம்ஸ், எட்வர்ட் வெஸ்டன் முதலியோர் எஃப் 64 என்ற குழுவைத் தொடங்கி, மற்றக் கலைகளைப் பார்த்து நடிக்காத, கூர்மையான, கலப்பில்லாத புகைப்படம்தான் வேண்டும் என்றார்கள். அந்த ஆடம்ஸ் 1941இல் ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூருக்கு மேலே நிலவு எழுவதைப் படம் எடுத்தார். ஆரம்ப கால அச்சுகளில் வானத்தில் மேகக் கீற்றுகள் தெரியும். பிற்கால அச்சுகளில் அதே வானம் கிட்டத்தட்ட முழுக் கறுப்பு. நெகட்டிவ் ஒன்றுதான், அச்சிடும்போது அவர் எடுத்த முடிவுகள்தான் மாறின. எனக்கு அந்தக் கறுப்பு வானம்தான் பிடிக்கும்.

ஆக, கேமரா தன் வேலையை முடித்த பிறகு நடக்கும் வேலையும் தொடக்கத்திலிருந்தே புகைப்படக் கலையின் பகுதிதான். உங்கள் குழு மூத்தவருக்கு எஃப் 64 வழி பிடித்திருக்கிறது. அது அவருடைய ரசனை, நல்ல ரசனையும்கூட. அதை எல்லோருக்குமான சட்டமாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

ஏமாற்று வேலையா என்று கேட்டிருக்கிறீர்கள். எவ்வளவு மாற்றினீர்கள் என்பதை வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. பார்ப்பவருக்கு என்ன வாக்குக் கொடுத்திருக்கிறீர்கள் என்பதை வைத்துத்தான் சொல்ல முடியும். 1982 பிப்ரவரி மாத நேஷனல் ஜியோகிராபிக் அட்டைக்காக, அகலவாக்கில் எடுத்த கீசா பிரமிடுகளின் படத்தை உயரவாக்கில் பொருத்த வேண்டி, பிரமிடுகளை டிஜிட்டல் முறையில் நெருக்கி வைத்தார்கள். மிகச் சின்ன மாற்றம். ஆனால் "அந்த இடம் இப்படித்தான் இருக்கிறது" என்று காட்டுவதுதான் அந்த இதழின் வேலை. அதனால் அது பெரிய சர்ச்சையானது. செய்திப் படங்களுக்கான வேர்ல்ட் பிரஸ் ஃபோட்டோ போட்டியில் 2015இல் இறுதிக்கு முந்தைய சுற்றுவரை வந்தவற்றில் ஐந்தில் ஒரு பங்கு படங்களைத் திருத்தியதற்காகவே விலக்கினார்கள். செய்திப் படமும் காட்டுயிர்ப் படமும் சாட்சி சொல்பவை, அங்கே ஒரு கல்லைக்கூட நகர்த்தக் கூடாது. உங்கள் பூ ஜாடி யாருக்கும் சாட்சி சொல்லவில்லை, பார்த்தவுடனே இது ஆக்கப்பட்ட படம் என்று தெரிகிறது. அதில் ஏமாற்று எதுவும் இல்லை. ஏரிப் படத்துக்கு மட்டும் ஒரு சொல்: அதை ஊரும் தேதியும் போட்டுக் காட்டினால், வானம் வேறு நாளைச் சேர்ந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

சரி, படங்களுக்கு வருவோம்.

பூ ஜாடி ஏன் நன்றாக இருக்கிறது? ஒரே ஒரு பூவில்தான் முழு வெளிச்சம் இருக்கிறது. மற்ற பூக்கள் அரை இருட்டில் இருக்கின்றன. ஜாடியின் இடது ஓரம் பின்னணிக் கறுப்பில் கரைந்து காணாமல் போகிறது, வலது ஓரத்தில் மட்டும் ஒரு மெல்லிய கோடு. நீங்கள் யோசித்துச் செய்தீர்களோ, கை தானாகப் போனதோ தெரியாது, ஆனால் ஓவியம் என்ற உணர்வு அங்கிருந்துதான் வருகிறது. ரெம்ப்ராண்ட் வரைந்த முகங்களைப் பாருங்கள். கண்ணும் மூக்கும் நெற்றியும் துல்லியமாக இருக்கும். தோளுக்குக் கீழே வரும்போது உடை எது, இருட்டு எது என்று பிரிக்க முடியாது. ஓவியர் எதை வரையாமல் விட்டார் என்பதில்தான் படத்தின் பலம் இருக்கிறது. கேமராவுக்கு அப்படி விடத் தெரியாது, லென்ஸுக்கு முன்னால் இருப்பதையெல்லாம் பதிவு செய்யும். அதனால் ஓவியம் போல் எடிட் செய்வது என்றால் முக்கால்வாசி விவரத்தை நீக்குவது. நீங்கள் மற்ற இரண்டு படங்களிலும் சேர்த்துக்கொண்டே போயிருக்கிறீர்கள்.

ஏரிப் படத்தில் கிளாரிட்டியை மிக அதிகமாக ஏற்றி, நிழல்களை எல்லாம் திறந்துவிட்டிருக்கிறீர்கள். மரங்களின் விளிம்பைச் சுற்றி வெள்ளைப் பட்டை தெரிகிறது பாருங்கள். கிளாரிட்டி, எச்.டி.ஆர். டோன் மேப்பிங் (வெளிச்சமும் நிழலும் ஒரே படத்தில் தெரியச் செய்யும் முறை) எல்லாம் ஒவ்வொரு புள்ளியையும் அதன் சுற்றுப்புறத்தோடு ஒப்பிட்டு வித்தியாசத்தைப் பெரிதாக்கும். இருண்ட மரமும் வெளிறிய வானமும் சந்திக்கும் கோட்டில் வானம் இன்னும் வெளுக்கும், மரம் இன்னும் கறுக்கும். அதுதான் அந்தப் பட்டை. ஓவியர் செய்வது நேர் எதிர், தூரத்து மரங்களின் விளிம்பை அவர் மென்மையாக்குவார். படகு, புல், அலை, மேகம், கரைக் கல் எல்லாமே உங்கள் படத்தில் ஒரே அழுத்தத்தில் நிற்கின்றன. ஒரு அறையில் எல்லோரும் ஒரே நேரத்தில் உரக்கப் பேசினால் யார் பேச்சும் காதில் விழாது, அப்படித்தான் இருக்கிறது. போட்டி நடுவர் "ஓவர் எடிட்டிங்" என்று சொன்னது பெரும்பாலும் இதைப் பற்றித்தான் இருக்கும். அவர் இன்னும் இரண்டு வரி எழுதியிருந்தால் உங்களுக்கு உதவியாக இருந்திருக்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். மேலே செம்மஞ்சள் மேகங்களை வைத்துவிட்டீர்கள், தண்ணீரில் பழைய சாம்பல் வானம்தான் தெரிகிறது. படகின் நிழலும் புதிய சூரியன் இருக்கும் பக்கமே விழுகிறது. பார்ப்பவர் இதைக் கண்டுபிடித்துச் சொல்ல மாட்டார், "ஏதோ சரியில்லை" என்று மட்டும் தோன்றும். எவ்வளவு கற்பனையான ஓவியத்திலும் ஒளி ஒரு திசையிலிருந்துதான் வர வேண்டும். வானத்தை மாற்றினால் அதைத் தலைகீழாகப் புரட்டி, கொஞ்சம் மங்கலாக்கி, கொஞ்சம் இருட்டாக்கித் தண்ணீரிலும் போடுங்கள். ஒளித் திசை பொருந்தாத வானத்தை, எவ்வளவு அழகாக இருந்தாலும், எடுக்கவே எடுக்காதீர்கள்.

பாட்டியின் படம்தான் என்னை அதிக நேரம் பிடித்து வைத்தது. மூலப் படம் மிக நல்ல படம். ஜன்னல் வெளிச்சம், திரும்பிய முகம், மடியில் கைகள். அதன் மேல் ஆயில் பெயின்ட் ஃபில்டரை ஒரே அளவில் முழுப் படத்துக்கும் போட்டிருக்கிறீர்கள். சுவருக்கு என்ன அளவு தூரிகைத் தடமோ, கண் இமைக்கும் அதே அளவு. அதனால் முகச் சுருக்கங்கள் உருகி வழிந்தது போல ஆகிவிட்டன. இத்தகைய ஃபில்டர்களின் அடிப்படைக்கு நல்ல உதாரணம் குவஹாரா என்ற முறை. ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் நான்கு சிறு கட்டங்களைப் பார்த்து, எதில் வேறுபாடு மிகக் குறைவோ அதன் சராசரி நிறத்தைப் புள்ளிக்குக் கொடுக்கும். விளிம்பு நிற்கும், நுண்விவரம் தட்டையாகும். 1976இல் இதய மருத்துவப் படங்களைச் சுத்தம் செய்வதற்காக வந்த முறை இது. அந்தக் கணக்குக்குச் சுவர் எது, பாட்டி எது என்று தெரியாது. தெரிந்தவர் நீங்கள்தான்.

ஆகவே அந்தப் படத்தை முதலிலிருந்து செய்யுங்கள். ஃபில்டரை மூன்று தனி லேயர்களில், மூன்று அளவில் போடுங்கள். சுவருக்கும் தரைக்கும் பெரிய தடம், புடவைக்கு நடுத்தரம், கைகளுக்கு மிகச் சிறியது. கண்களிலும் வாயோரத்திலும் ஃபில்டர் வேண்டவே வேண்டாம், மாஸ்க்கில் அந்த இடத்தைத் திறந்து மூலப் படத்தைக் காட்டுங்கள். பொறுமை இருந்தால் வண்ணங்களைக் குழைத்துத் தீட்டும் மிக்சர் பிரஷ் எடுத்துக் கையாலேயே தீட்டலாம். அப்போது தடம் உருவத்தைப் பின்தொடர வேண்டும்: கன்னத்தில் வளைவாக, மடிப்பில் மேலிருந்து கீழாக. எல்லாத் தடமும் ஒரே திசையில் சாய்ந்திருந்தால் இயந்திரம் செய்தது என்று உடனே தெரிந்துவிடும். பாட்டி இருந்தால் முடித்ததும் அவரிடமும் காட்டுங்கள். தன் முகத்தை இன்னொருவர் மாற்றி வரைந்திருப்பதைப் பார்க்க அவருக்கு உரிமை இருக்கிறது.

கேன்வாஸ் டெக்ஸ்சர் பற்றி என் கருத்து கறாரானது: எடுத்துவிடுங்கள். ஓவியத்தின் அழகு துணியின் நெசவில் இல்லை. அச்சில் அது இன்னும் மோசமாகும். நிஜ கேன்வாஸில் அச்சிட்டால் படத்தில் இருக்கும் போலி நெசவும் துணியின் நிஜ நெசவும் ஒன்றோடொன்று மோதி, கண்ணை உறுத்தும். மேற்பரப்பில் ஏதாவது சொரசொரப்பு வேண்டும் என்றால், பழைய சுவர், துருப்பிடித்த தகரம் இவற்றை நீங்களே படம் எடுத்து, சாஃப்ட் லைட் மோடில் (அடுக்கை மென்மையாகக் கீழே உள்ளதோடு கலக்கும் முறை) மிக மெல்லியதாக, பின்னணிக்கு மட்டும் பயன்படுத்துங்கள். மற்றவர்களின் டெக்ஸ்சரை எடுத்தால் உரிமம் பார்க்க வேண்டும், பல போட்டிகளில் பிறர் எடுத்த படத்தின் எந்தத் துண்டும் இருக்கக் கூடாது.

அளவு மீறிவிட்டதா என்பதைக் கண்டுபிடிக்க நான் நம்பும் வழிகள் சில உண்டு. படத்தைத் தபால் தலை அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள், கண் முதலில் எங்கே போகிறது? நீங்கள் நினைத்த இடத்துக்குப் போகவில்லை என்றால் ஒளி அமைப்பு தவறு, மேற்கொண்டு பிரஷ் வேலை செய்து பயனில்லை. தற்காலிகமாகக் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள், வண்ணத்தின் கவர்ச்சி போனதும் சாம்பல் கூழாகிவிட்டால் வண்ணம்தான் படத்தைத் தாங்கிக்கொண்டிருந்தது என்று அர்த்தம். இடவலமாகப் புரட்டிப் பாருங்கள். ஓவியர்கள் தங்கள் வேலையைக் கண்ணாடியில் பார்ப்பது பழைய வழக்கம், லியனார்டோ டா வின்சியே அதை எழுதிவைத்திருக்கிறார். பழகிய கண்ணுக்குத் தெரியாத கோணல் அப்போது தெரியும். எல்லாவற்றையும்விட முக்கியம், லேயர்களை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்ப்பது. அணைத்தும் படம் எதையும் இழக்கவில்லை என்றால் அந்த லேயரை நீக்கிவிடுங்கள். எட்டு மணி நேரம் உழைத்தோமே என்ற பாசம் அங்கே கூடாது. இரவு முடித்ததை மறுநாள் காலையில் பார்த்துவிட்டுத்தான் வெளியே காட்டுங்கள், நீண்ட நேரம் பார்த்த கண்ணுக்கு மிகையான சாச்சுரேஷன் (வண்ணச் செறிவு) சாதாரணமாகத் தோன்ற ஆரம்பித்துவிடும்.

நீங்கள் ஜேபெக்கில் எடுத்து ஜேபெக்கிலேயே எடிட் செய்வது போலத் தெரிகிறது. ஏரி வானத்தில் நிறம் படிப்படியாகக் கலக்காமல் பட்டை பட்டையாக உடைந்திருக்கிறது. ஜேபெக் 8 பிட், ஒவ்வொரு வண்ணத்துக்கும் 256 படிகள்தான். பல கேமராக்கள் தரும் 14 பிட் ரா ஃபைலில் (சென்சார் பதிவு செய்த மூலத் தகவல்) 16,384 படிகள். கொஞ்சம் வெளிச்சம் திருத்துபவருக்கு இது பெரிய விஷயமில்லை. உங்களைப் போலப் பலமாக இழுப்பவருக்கு ரா இல்லாமல் முடியாது. ராவில் எடுத்து, 16 பிட்டில் எல்லா வேலையையும் முடித்து, கடைசியில் மட்டும் ஜேபெக் ஆக்குங்கள்.

வரிசையும் முக்கியம். முதலில் ஒளி, அப்புறம் வண்ணம், கடைசியில்தான் தூரிகைத் தடம். 50 சதவீதச் சாம்பல் நிறம் நிரப்பிய லேயரை சாஃப்ட் லைட் மோடில் வைத்து, வெள்ளை, கறுப்பு பிரஷ்களால் மிகக் குறைந்த ஓபாசிட்டியில் (அடர்த்தியில்) வெளிச்சத்தையும் நிழலையும் தீட்டுங்கள். என் வேலையில் பாதிக்கும் மேல் நேரம் இதற்குத்தான் போகிறது. கிளாரிட்டியை மைனஸ் பக்கம் கொண்டுபோகவும் பழகுங்கள், பின்னணியில் அது அழகாக வேலை செய்யும். வண்ணத்தில் இரண்டு குடும்பங்களுக்கு மேல் வேண்டாம். பாட்டி படத்தில் ஜன்னலின் குளிர்ந்த நீலமும் தோலின் மண் நிறமும் இருக்கிறது, போதும். மூலையில் இருக்கும் அந்தப் பச்சை வாளியின் நிறத்தைக் குறைத்துவிடுங்கள்.

எடுக்கும்போதே இந்தப் பாணியை மனதில் வைத்து எடுப்பதும் பெரிய உதவி. பக்கவாட்டு வெளிச்சம், எளிமையான பின்னணி, ஹைலைட் (மிக வெளிச்சமான பகுதி) வெளுக்காதபடி சற்றுக் குறைவான எக்ஸ்போஷர். மூடுபனி, மழை, அழுக்குக் கண்ணாடி எல்லாமே உங்கள் நண்பர்கள், உங்களுக்கு முன்பே விவரத்தைக் குறைத்துக் கொடுத்துவிடும். மெதுவான ஷட்டரில் கேமராவை வேண்டுமென்றே அசைத்து எடுத்துப் பாருங்கள், எந்த ஃபில்டரும் தராத தூரிகை வீச்சு சில சமயம் அதில் கிடைக்கும்.

போட்டிக்கு அனுப்பும்போது விதிகளை முழுவதும் படித்து, கிரியேட்டிவ் அல்லது மாற்றியமைத்த படங்கள் என்ற பிரிவு இருந்தால் அங்கே அனுப்புங்கள். இயற்கை, செய்திப் பிரிவுகள் உங்களுக்கானவை இல்லை. முதலில் பூ ஜாடியை அனுப்புங்கள். அச்சுப் பிரிவாக இருந்தால் பளபளப்பில்லாத மேட் பருத்தித் தாளில் போடுங்கள். திரையைவிடத் தாளில் இருட்டுப் பகுதிகள் இன்னும் ஒன்றாகக் கறுத்துவிடும், அதனால் சின்னதாக ஒரு சோதனை அச்சு எடுத்து, நிழல்களைக் கொஞ்சம் தூக்கிய பிறகு பெரிதாக அடியுங்கள். குழுவில் காட்டும்போது மூலப் படத்தையும் முடித்த படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்த இடத்தை ஏன் இருட்டாக்கினீர்கள், எதை ஏன் நீக்கினீர்கள் என்று நீங்களே சொல்லுங்கள். அந்த மூத்தவரும் கேட்கட்டும். விளிம்பு, ஒளித் திசை பற்றி அவர் ஏதாவது சொன்னால் குறித்துக்கொள்ளுங்கள், கூர்மையான படங்களோடு காலம் கழித்தவர்களுக்கு அந்தக் கண் நன்றாக இருக்கும். ரா ஃபைலையும் லேயர்களோடு உள்ள ஃபைலையும் அழிக்காமல் வையுங்கள், நடுவர்கள் கேட்டால் காட்ட வேண்டியிருக்கும். பாட்டி படத்தைத் திருத்தி முடித்ததும் எனக்கு அனுப்புங்கள். அதைப் பார்க்க ஆவலாக இருக்கிறேன்.